தையல் போடாமல் காயத்தை மூட முடியுமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் மாவட்டத்தில் வெட்டுக்காயம் அன்றாட விஷயம். மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டும் கத்தி, வீட்டில் சக்கையும் தேங்காயும் வெட்டும் வெட்டுகத்தி, கடற்கரையில் தூண்டிலும் மீன்முள்ளும், எல்லா ஊரிலும் டூவீலர். "தையல் வேண்டாம், ஒட்டிவிடலாம்" என்று டாக்டர் சொல்லக் கேட்டவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அது எப்படி ஒட்டுகிறது, எந்தக் காயத்துக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று மீண்டும் மீண்டும் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ரத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைத் திறந்தவர்கள் வாசிப்பதை விட்டுவிடுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

தையல் இல்லாமல் மூட என்னென்ன வழிகள் உண்டு?

தோலின் மேல் மட்டும் என்றால் மூன்று நான்கு வழிகள். ஒட்டும் பட்டைகள், மருத்துவப் பசை, தோலின் இருபுறமும் ஒட்டிவிட்டு இழுத்துப் பூட்டும் ஜிப் போன்ற சாதனம், பிறகு ஸ்டேப்ளர். ஸ்டேப்ளரில் நூல் இல்லையே தவிர உலோகக் கம்பி தோலைக் குத்தத்தான் செய்கிறது. அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்பதே கேள்வி. உடலுக்குள் என்றால் ரத்தம் உறைவதைப் போல ஒட்டும் ஃபைப்ரின் பசை, நீர்க்கூழ் பசைகள், ரத்தக்குழாயைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் மூடும் கருவிகள் என்று பட்டியல் நீளும்.

ஊசி நூலுக்கு மாற்று தேடுவது இன்றைய ஆசை அல்ல. கிழிந்த குடலின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் அப்படியே விட்டுவிடும் முறையை சுசுருத சம்ஹிதை சொல்கிறது.

அந்த மருத்துவப் பசை என்ன பொருள்?

சயனோஅக்ரிலேட். 1942-ல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது இது கையில் மாட்டியது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல் அதுவே ஒட்டுப்பசையாகக் கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களின் ரத்தப்போக்கை நிறுத்த ஸ்பிரேயாக அடித்துப் பார்த்தார்கள். தோலுக்கு ஏற்றபடி மாற்றப்பட்ட ஆக்டைல் சயனோஅக்ரிலேட்டுக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது. டெர்மபாண்ட் என்ற பெயரில் வருவது அதுதான்.

காய்ந்து கெட்டியாகும் சாதாரணப் பசை போல இது வேலை செய்வதில்லை. தோலில் இருக்கும் ஈரம் பட்டதும் அதன் சிறு மூலக்கூறுகள் சரசரவென்று சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. அந்த வேளையில் கொஞ்சம் சூடு தெரியும்; பயப்பட வேண்டாம். டாக்டரோ நர்சோ காயத்தின் இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மேலே மெல்லிய படலமாகத் தடவி, ஒரு நிமிடம் போல விடாமல் பிடிப்பார்கள். பசை காயத்துக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் இரண்டு ஓரங்களுக்கு நடுவே சுவர்போல நின்று, கூடவேண்டிய சதையைக் கூடவிடாது.

அப்படியானால் கடையில் வாங்கும் ஃபெவிக்விக் போதாதா? இரண்டும் ஒரே குடும்பம்தானே?

குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. கடைப் பசையில் இருப்பது எத்தில் சயனோஅக்ரிலேட். அதன் மூலக்கூறு குட்டையானது. அது ஒட்டும்போது எழும் சூடு அதிகம், ஒட்டியபின் விறைப்பாக நின்று தோல் அசைந்ததும் வெடித்துவிடும், சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற பொருள்களை வெளியிட்டுத் திசுவைக் காயப்படுத்தும். மருத்துவப் பசையின் மூலக்கூறு நீளமானது. மெதுவாகச் சிதையும், தோலோடு சேர்ந்து வளையும், கிருமி நீக்கி அடைக்கப்பட்டிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வீட்டில் ஒட்டுபவர் காயத்தைக் கழுவிப் பார்ப்பதில்லை. உள்ளே மண்ணோ, மரச்சிராயோ, அறுந்த தசைநாரோ இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடுகிறார். ரெண்டு நாள் கழித்துக் கை வீங்கி, விரல் மடங்காமல் வந்து நிற்கும்போது வேலை இரட்டிப்பாகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒருபோதும் செய்யாதீர்கள்.

எந்தக் காயத்துக்குப் பசை நல்லது?

சின்னது, நேரானது, சுத்தமானது, இழுபடாதது. இந்த நான்கும் பொருந்தினால் பசை அருமையான வழி. நெற்றி, கன்னம், தாடை, முன்கை இவற்றில் கத்தியோ கண்ணாடியோ நேராகக் கீறிய காயம் நல்ல உதாரணம்.

மூட்டின்மேல், உள்ளங்கையில், பாதத்தில் போட்டால் நிற்காது. அந்த இடங்கள் ஓயாமல் இழுபடும், வேர்க்கும். உதட்டின் உட்புறம், வாய் போன்ற எச்சில் ஈரப் பகுதிகளிலும் ஆகாது. ஆழமாகக் குத்திய காயம், நசுங்கிப் பிய்ந்த காயம், கடிகாயம், ஏற்கெனவே சீழ் வைத்த காயம் எதையும் பசையால் மூடக்கூடாது. அரிவாள்மணையில் விரல் நுனி அறுந்தாலும் விரலை மடக்கி நீட்டிப் பார்க்கச் சொல்வார்கள்; உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுக் கேட்பார்கள். நரம்பும் தசைநாரும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் மேலே எதைக்கொண்டு மூடினாலும் அது வைத்தியம் ஆகாது.

"பசை போட்டால் உயர்ந்த சிகிச்சை, நூல் போட்டால் பழைய சிகிச்சை" என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் 1920-களிலிருந்து பல ஆண்டுகள் பணிசெய்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், எவரெஸ்ட் பயணக் குழுக்களில் இருந்தவர், குடல்புண் அறுவைகளுக்குப் பேர்போனவர். அவர் நம்பியது ஊசியையும் நூலையும்தான். இன்றைக்கும் இழுவிசையைத் தாங்குவதில் நூலுக்கு நிகர் நூல்தான். எதைப் போடுவது என்று காயம் தீர்மானிக்கட்டும்.

தலையில் அடிபட்டால் முடியை மழித்துத்தான் ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை. காயத்தின் இருபுறமும் உள்ள சில முடிகளை எடுத்து, ஒன்றோடொன்று ஒருமுறை முறுக்கி, முறுக்கிய இடத்தில் ஒரு துளி பசை வைப்பார்கள். முடியே கயிறாகி ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும். சிங்கப்பூர் டாக்டர்கள் 2002-ல் எழுதிய எளிய முறை இது. முடி ஓரளவு நீளம் இருக்க வேண்டும், காயம் பெரிதாக இருக்கக் கூடாது, ரத்தம் நின்றிருக்க வேண்டும். ஆனால் தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, பேச்சு குழறினாலோ தோல் காயம் ரெண்டாம் பட்சம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாலை விபத்து என்றால் இன்னொன்றையும் ஞாபகம் வையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். பணத்தை நினைத்துத் தயங்கி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

பிள்ளைக்குப் போடும்போது வலிக்குமா?

பசையின் மிகப் பெரிய நன்மையே இங்கேதான். மரத்துப்போகும் ஊசி வேண்டாம், தைக்கும் ஊசி வேண்டாம், பிறகு நூல் பிரிக்க மறுபடி ஒரு அழுகையும் வேண்டாம். பிள்ளை அசையாமல் இருப்பதுதான் முக்கியம். மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோ அப்பச்சியோ பேச்சுக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் காயம் என்றால் பசை வழிந்து இமை ஒட்டாதபடி மேலே துணி வைத்து மறைப்பார்கள். அப்படி ஒட்டிவிட்டாலும் இழுத்துப் பிரிக்கக் கூடாது. கண் களிம்பு தடவி டாக்டரே பொறுமையாகப் பிரித்துவிடுவார்.

நாய் கடித்துவிட்டது. தையல் போடமாட்டேன் என்கிறார்கள். ஏன்?

அவர்கள் சொல்வது சரி. முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநாய்க்கடி நோயின் வைரஸ் காயத்தில் இருக்கலாம். தைத்தாலோ ஒட்டினாலோ அதை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். முகத்தில் பெரிய கிழிசல் போல மூடியே ஆகவேண்டிய காயம் என்றால், முதலில் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்பொருள் ஊசி போட்டுவிட்டு, பிறகு தளர்வாக ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். சொன்ன நாள்களில் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும்.

திருக்கை முள், கெளுத்தி முள் குத்தினால் ஒட்டலாமா?

கூடாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று எந்தத் துறையிலும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். முள் குத்திய துளை மேலே சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். முள்ளின் உறையும் விஷமும் உள்ளே தங்கும். மேலே மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும்.

குத்திய கையையோ காலையோ தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். இந்த விஷம் சூட்டில் சிதையும். வலி நன்றாகக் குறையும். வெந்நீரின் சூட்டை அடிபடாத கையால் பார்க்கச் சொல்லுங்கள், குத்திய கை மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாமல் வெந்துவிடும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளே முள் ஒடிந்திருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் தைத்து நின்றால் பிடுங்கவே கூடாது; அப்படியே அசையாமல் கொண்டுவர வேண்டும்.

கடல் நீரில் விப்ரியோ என்ற கிருமி வகை உண்டு. சுகர் இருப்பவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் அது ஒரே நாளில் காலைக் கறுக்கவைத்து உயிருக்கே உலை வைக்கும். கடலில் பட்ட காயம் சிவந்து, வேகமாக வீங்கி, கொப்புளம் வந்து, காய்ச்சலும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நாங்கள் தூத்தூர்ப் பக்கம். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை இல்லை. படகில் பசை வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் நிலைமை மற்றவர்களைப் போல இல்லை என்பது தெரியும். ஆனாலும் பசையைவிட ஒட்டும் பட்டைகளையே நான் சொல்வேன். தவறாக ஒட்டினால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம், உள்ளே சீழ் வைத்தால் திறந்துவிடலாம். பசையில் அந்த வசதி இல்லை. தோல் நன்றாகக் காய்ந்தால்தான் பட்டை பிடிக்கும். காயத்தின் ஒரு ஓரத்தில் ஒட்டி, மறு ஓரத்தை இழுத்துச் சேர்த்து, குறுக்காக ஒட்ட வேண்டும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், நீர் வடிய வழி வேண்டும்.

பெட்டியில் இருக்கவேண்டியவை: உறை பிரிக்காத காஸ் துணி நிறைய, சுற்றிக்கட்டும் மீள்பட்டை, ஒட்டும் பட்டைகள், கையுறை, கத்தரிக்கோல், கிருமிநாசினி. காயத்தைக் கடல் தண்ணீரில் கழுவாதீர்கள். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் கொஞ்சம் செலவழியுங்கள். கடலுக்குப் போகும் முன்பே எல்லோரும் டெட்டனஸ் தடுப்பூசியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மூடும் முறை எதுவானாலும் அந்த ஊசிக்கு விலக்கு இல்லை.

மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு வைத்தால் ரத்தம் நிற்கிறதே?

ரத்தம் நிற்பது பெரும்பாலும் நீங்கள் அழுத்திப் பிடித்ததால். தூள் காயத்துக்குள் அப்பிக்கொண்டால் அதைச் சுரண்டி எடுப்பது நோயாளிக்குத்தான் வேதனை. அப்படி அழுக்கான காயத்தில் பசையும் போட முடியாது. துணியும் அழுத்தமும் போதும்.

ரப்பர் கையுறை போட்டாலே எனக்கு அரிக்கும். பசையும் அலர்ஜி ஆகுமா?

சயனோஅக்ரிலேட்டில் ரப்பர் பால் இல்லை. ஆனால் செயற்கை நகம், செயற்கை இமை ஒட்டும் பசைகளால் அரிப்பு வந்தவர்கள் அவசியம் சொல்ல வேண்டும். அவையும் இதே குடும்பம். ரப்பர் அலர்ஜியையும் சொல்லுங்கள், சிகிச்சை செய்பவர் வேறு கையுறை போட்டுக்கொள்வார்.

தழும்பு தெரியாமல் இருக்குமா?

சரியான காயத்துக்குச் சரியாகப் போட்டால் தழும்பு தையலுக்கு ஏறக்குறைய சமமாகவே அமைகிறது. நூல் புகுந்து வெளிவந்த புள்ளித் தடங்கள் மட்டும் இருக்காது. காயம் பிரிந்துவிடும் வாய்ப்பு தையலைவிடப் பசையில் சற்று அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்குப் பசை அதைத் தடுக்காது. ஆறிய இடத்தில் சில மாதம் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கறுப்பது குறையும்.

சிசேரியனில் "தையல் இல்லை" என்றார்கள். உள்ளேயும் பசைதானா?

இல்லை, இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கருப்பையையும், வயிற்றைத் தாங்கும் உறுதியான சவ்வையும் தானே கரையும் நூலால் தைத்துத்தான் மூடுகிறார்கள். மேல்தோலில் மட்டும்தான் பசை. வெளியே நூல் தெரியவில்லை என்பதற்காக ரெண்டாம் வாரமே தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் உள்ளே இருக்கும் தையலுக்குத்தான் கேடு. மாமியார்களும் கணவன்மாரும் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

கண் ஆபரேஷனிலும் தையல் இல்லையாமே?

நம் ஊர்க்காரர்கள் அதிகமாகப் பார்த்திருக்கும் தையலில்லா அறுவை அதுதான். கண்புரையில் வெண்விழியிலோ கருவிழி ஓரத்திலோ சுரங்கம் போலச் சரிவாகக் கீறுவார்கள். கண்ணின் உள் அழுத்தமே அந்தச் சரிவின் கதவைத் தள்ளி மூடிவிடும். பசைகூட வேண்டாம்.

கண்ணில் சதை வளர்வது வேறு. வெயிலிலும் காற்றிலும் காலம் முழுக்க நிற்கிற கடலோடிகளுக்கும் வயல், தோட்ட வேலைக்காரர்களுக்கும் இது அதிகம். வளர்ந்த சதையை நீக்கி, அதே கண்ணின் மேற்புறத்திலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள். முன்பு அதை நுண்ணிய நூலால் தைப்பார்கள். மண் விழுந்ததுபோல நாள்கணக்கில் உறுத்தும். இப்போது ஃபைப்ரின் பசையால் ஒட்டுகிறார்கள். சில டாக்டர்கள் அங்கே ஊறும் நோயாளியின் சொந்த ரத்தம் உறைவதையே பசையாக்கிக்கொள்கிறார்கள். விழிவில்லையைப் பிடித்து நிறுத்த ஆதாரம் இல்லாத கண்ணில், ஃபைப்ரின் பசையின் துணையோடு லென்ஸைப் பொருத்தும் முறையை 2007-ல் சென்னையின் டாக்டர் அமர் அகர்வால் தொடங்கினார்; உலகம் முழுக்க அதைச் செய்கிறார்கள்.

ஃபைப்ரின் பசை என்றால்?

ரத்தம் உறையும்போது நடக்கும் கடைசிக் கட்டத்தைத்தான் இது நடத்திக் காட்டுகிறது. ஒரு ஊசிக்குழலில் ஃபைப்ரினோஜன், இன்னொன்றில் த்ராம்பின். இரண்டும் நுனியில் கலந்ததும் வலைபோலப் பின்னிக்கொண்டு உறைகிறது. மனித ரத்தத்திலிருந்து எடுப்பதால் கிருமிச் சோதனையும் வைரஸ் நீக்கமும் செய்தபின்தான் பயன்படுத்துவார்கள். சில நாள்களில் உடலே அதைக் கரைத்துவிடும். நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் இதற்கான தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கியது. இதய வால்வுக்காகப் பெயர்பெற்ற அதே நிறுவனம்தான்.

மகாதமனி அறுவையில் மாட்டு ஆல்புமினையும் குளூட்டரால்டிஹைடையும் கலந்த பசையைத் தையலின்மேல் பூசிக் கசிவை அடைக்கிறார்கள். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் 7 மில்லிமீட்டர் வரையுள்ள ரத்தக்குழாய்களை அழுத்திச் சூடாக்கியே மூடும் கருவிகள் வந்துவிட்டன. லேசர் கொண்டு திசுவைப் பற்றவைக்கும் முயற்சி பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

சிப்பியிலிருந்து பசை செய்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான். குளச்சல், இனயம் பாறைகளில் முக்குளித்துப் பறிக்கும் சிப்பியைப் பாருங்கள். அலை எவ்வளவு அடித்தாலும் நார்போன்ற இழைகளால் பாறையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். சாதாரணப் பசைகள் தோற்பது ஈரத்தில்தான். உடலுக்குள் எல்லாமே ஈரம், ரத்தம். சிப்பியின் பசைப் புரதத்தில் 'டோபா' என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. அதுதான் தண்ணீருக்கடியிலும் ஒட்டவைக்கிறது. அதே வேதிக் குழுவைச் செயற்கைக் கூழ்களில் சேர்த்து, ஈரத் திசுவில் ஒட்டும் பசைகளை ஆய்வாளர்கள் செய்து வருகிறார்கள்.

2017-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தோட்டத்தில் ஊரும் ஓடில்லா நத்தையின் வழுவழுப்பான சுரப்பைப் பார்த்து, ரத்தத்தில் நனைந்த, துடிக்கும் பன்றி இதயத்திலும் ஒட்டி நிற்கும் ஒரு பட்டையைச் செய்தார்கள். 2019-ல் எம்.ஐ.டி. குழு இருபுறமும் ஒட்டும் உலர்ந்த டேப் ஒன்றைக் கொண்டுவந்தது. திசுவின் மேலிருக்கும் நீரை அது முதலில் உறிஞ்சிக்கொள்கிறது, பிறகு ஐந்து விநாடிக்குள் ஒட்டுகிறது. ஆய்வகத்தில், விலங்குகளில் வென்ற இவை மனித உடலில் பாதுகாப்பானவை என்று காட்டுவதற்கு நீண்ட சோதனைகள் உண்டு. செய்தியில் பார்த்ததை நாளைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேட்டு, இல்லை என்றதும் டாக்டரிடம் கோபப்படாதீர்கள்.

செலவு?

சின்னக் குப்பி ஒன்று நூலைவிட விலை அதிகம். ஆனால் மரத்துப்போகும் மருந்து, தையல் பிரிக்க மறுபடி வரும் பஸ் செலவு, போன ஒருநாள் கூலி இதையெல்லாம் சேர்த்தால் வித்தியாசம் குறையும். போடும் முன்பே விலையைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பட்டையே போதுமா என்றும் கேட்கலாம்.

பசை போட்ட பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஐந்து முதல் பத்து நாளுக்குள் பசை தானாகச் செதில்போல உதிரும், நகத்தால் பிய்க்காதீர்கள். லேசாகத் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. குளத்திலும் ஆற்றிலும் முங்கக் கூடாது, திற்பரப்பு அருவியும் அதுவரை வேண்டாம். எண்ணெயோ வாசலின் போன்ற களிம்போ தடவாதீர்கள். பசை இளகிக் கழன்றுவிடும். "ஆறட்டும்" என்று தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் பழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சுகர் உள்ளவர்கள் அந்த நாள்களில் சர்க்கரை அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் காயம் கூடுவது தள்ளிப்போகும்.

ஒட்டிய காயம் பிரிந்துவிட்டால்?

நீங்களாக மறுபடி ஒட்டாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு, போட்ட இடத்துக்கே அன்றைக்கே போங்கள். சிவப்பு பரவுவது, சூடு, சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அப்படியே. காயம் பிரியாமல் மேலே அழகாக மூடியிருந்தாலும் போகத்தான் வேண்டும்.